அனாதீனம்

நமது ரெவின்யூ பதிவேடுகளில் ‘அனாதீனம்’ என்றொரு சொல் உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கிற நிலத்துக்குப் பெயர். யாருக்கும் ஆதீனப்படாதது என்று அர்த்தம். ஆனால் அப்படி ஒரு கணக்குப் பிள்ளை பதிவேட்டில் எழுதிய கணத்திலேயே அது ஸர்க்காருக்கு ஆதீனமாகிவிடுகிறது. சொல் சொல்வதும் சொல் செய்வதும் எதிரும் புதிருமாக இருக்கிற இம்மாதிரிச் சொற்களின்மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். நிலம் தானாக அனாதையாவதில்லை. ‘இதற்கு யாருமில்லை’ என்று ஒருவன் எழுதியாக வேண்டும். அந்த ஒருவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ராஜாக்களைப் பற்றி நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இங்கிலாந்தில் அவனுக்கு ஒரு பதவிப் பெயரே இருந்தது: எஸ்சீட்டர். மூன்றாம் ஹென்றியின் காலத்தில், 1232ஐ ஒட்டி, அது தனி உத்தியோகமாக உருவாயிற்று. பிற்பாடு டிரென்ட் நதிக்குத் தெற்கே ஒருவன், வடக்கே ஒருவன் என்று தேசத்தையே பங்கு போட்டார்கள். ராஜாவிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவன் செத்துப் போனால் எஸ்சீட்டர் அங்கே போவான். ஊர்க்காரர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்பான்: செத்தவனிடம் என்ன நிலம் இருந்தது, வருஷத்துக்கு என்ன பெறும், என்றைக்குச் செத்தான், அடுத்த வாரிசு யார், அவனுக்கு என்ன வயது. வாரிசு இல்லையென்றாலும், செத்தவன் பெருங்குற்றம் செய்தவனாக இருந்தாலும் நிலம் மேலே திரும்பும். குற்றவாளி விஷயத்தில் ஆங்கிலச் சட்டம் ஒரு விபரீதமான உருவகத்தைக் கையாண்டது: அவனுடைய ரத்தம் கெட்டுவிட்டது, ஆகவே அதன் வழியாக எதுவும் கீழே இறங்க முடியாது. இந்த உருவகத்தை அவர்கள் முற்றிலும் கைவிட 1870 வரை ஆயிற்று.

இந்த விசாரணைச் சுருள்கள் ஆயிரக்கணக்கில் லண்டனில் பாதுகாப்பாக இருக்கின்றன. அதைவிட சுவாரஸ்யமான மிச்சம் அவர்கள் பாஷையில் இருக்கிறது. ஏமாற்றுவதற்கு இங்கிலீஷில் ‘சீட்’ என்கிறோமே, அது எஸ்சீட் என்பதன் தலை வெட்டுண்ட வடிவம்தான். உத்தியோகஸ்தன் வந்து போனபின் ஜனங்கள் அவனுக்குச் சூட்டிய பட்டம் நிலைத்துவிட்டது. ஷேக்ஸ்பியர் ‘வின்ஸர் மனைவியர்’ நாடகத்தில் ஃபால்ஸ்டாஃபின் வாயில் இந்த இரண்டு அர்த்தங்களையும் ஒருசேர வைத்து விளையாடுகிறார். எங்கள் வகுப்பில் அந்தச் சிலேடை ஒரு அடிக்குறிப்போடு கடந்து போயிற்று. கோனார் நோட்ஸ் பரம்பரையில் வந்தவர்களுக்கு அடிக்குறிப்பு என்பது பரீட்சைக்கு வராத ஒன்று.

இனி நம் பக்கம் வருவோம். கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போய், அங்கிருந்து வீராணம் ஏரிக்கரையோடு தெற்கே இறங்கினால் காட்டுமன்னார்கோயில். அதை ஒட்டி உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயிலின் கல்லில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்று இருக்கிறது. 987ஐ ஒட்டிய காலம். சோழர் சரித்திரத்திலேயே அதிகம் பேசப்பட்ட சாசனம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பொருட்டு இல்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலருடைய பெயர்கள் அதில் வருகின்றன. சோமன், ரவிதாஸனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். அவ்வளவு போதும் நமக்கு. கொலைக்குப் பின்னால் உத்தம சோழன் இருந்தானா இல்லையா என்று நீலகண்ட சாஸ்திரி ஒரு பக்கம், சதாசிவ பண்டாரத்தார் மறுபக்கம். கல்கி 1950இல் தொடங்கிய தொடர்கதைக்குப் பிறகு இந்தக் கேள்வி வீட்டுத் திண்ணைகளுக்கும் வந்துவிட்டது. 2022, 2023இல் அது சினிமாவாக இரண்டு பாகங்கள் வந்ததிலிருந்து உடையார்குடிக்கு யாத்திரை போகிறவர்களும் இருக்கிறார்கள். போய், கல்லைத் தொட்டு, ‘இதில்தான் கொலைகாரன் பெயர் இருக்கிறது’ என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

அந்தக் கல் கொலையைப் பற்றிப் பேச வந்ததே இல்லை. அது ஒரு கிரயப் பத்திரம். கொலை நடந்து பதினைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வியாழகஜமல்லப் பல்லவரையன் என்ற பட்டம் தாங்கிய ஒருவன் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையிடமிருந்து நிலமும் மனைகளும் நூறு கழஞ்சுக்கு மேல் பொன் கொடுத்து வாங்குகிறான். வாங்கி, கோயிலில் பிராமணர் உண்பதற்கு வைக்கிறான். வாங்குகிறவனுக்கு எந்தக் காலத்திலும் ஒரே கவலைதான்: இந்த நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது, நாளைக்கு யாராவது பாத்தியதை கொண்டாடி வந்து நின்றால் என்ன சொல்வது? அதற்காகத்தான் சக்கரவர்த்தியின் ஸ்ரீமுகத்தை அப்படியே உள்ளே எடுத்து எழுதினார்கள். இன்றைய பாஷையில் தாய்ப் பத்திரத்தின் விவரம். கொலை அதில் ஒரு துணை வாக்கியம். அந்தத் துணை வாக்கியத்தை உருவியெடுத்து ஐந்து பாகம் நாவல் எழுதலாம், தவறில்லை. சரித்திரம் எழுதுகிறவர்களும் அதையே செய்தார்கள் என்பதுதான் என் குறை.

ஸ்ரீமுகம் என்ன சொல்கிறது? துரோகிகளின் உடைமையைச் சபை எடுத்து விற்க வேண்டும். கொட்டையூர் பிரம்ம ஸ்ரீராஜனும் புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டனும் அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் கண்காணியாக நிற்க, அவர்கள் சொன்னபடி, ‘குடியொடு குடிபேறும்’ விலைக்கு விற்றுத் தாலத்தில், அதாவது அரசனின் கருவூலத்தில், இட வேண்டும். நம்முடைய எஸ்சீட்டர்கள் இதோ, இங்கிலாந்துக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னால். இந்த இருவரையும் பற்றி ஒரு வரி கூட யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. எந்த நாவலிலும் இவர்கள் குதிரையேறி வருவதில்லை. கண்காணி என்ற சொல் பின்னால் கடல் கடந்து கொழும்பு மலைத்தோட்டங்களில் கங்காணியாகி வேறொரு சரித்திரம் படைத்தது. அது இங்கே வேண்டாம்.

யாருடைய உடைமை என்பதற்குச் சாசனம் தருகிற ஜாபிதாதான் எனக்கு முக்கியம். குற்றவாளிகள் மட்டும் இல்லை. அவர்களுடைய தம்பிமார், மக்கள், மனைவிமார். தகப்பன் வழிப் பெரியவர்கள், அவர்களுடைய மக்கள். பெண் கொடுத்த மாமன்மார். தாயோடு உடன்பிறந்த மாமன்மார். உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள். மக்களைக் கட்டியவர்கள். இத்தனை பேருடையதும். நாம் கல்யாணப் பத்திரிகை எழுதும்போது யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று பயந்து உட்கார்ந்து எழுதுவோமே, அந்த ஜாக்கிரதையோடு எழுதப்பட்ட ஜாபிதா. இந்த இரண்டு பேரும் ஊருக்குப் போய், யார் யாருக்குப் பெண் கொடுத்தான், எவள் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று சபையைக் கேட்டுக் கேட்டு எழுதியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம். ஊர்ச் சபையும் அந்த ஜாதிக்காரர்களே. கேட்கப்பட்டவர்களில் பலர் ஏதோ ஒரு விதத்தில் இந்த ஜாபிதாவுக்குள் வரக்கூடியவர்களாக இருந்திருப்பார்கள். எங்கே கோடு கிழிப்பது என்ற அதிகாரம் அன்றைக்கு இந்த இரண்டு பேர் கையில் இருந்தது. தண்டிக்கப்பட்டவர்களில் இருவர் பிரம்மாதிராஜன் என்று ராஜா கொடுத்த பட்டம் தாங்கியவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். உத்தியோகஸ்தன் வீட்டை உத்தியோகஸ்தனே எண்ணுகிறான்.

இதே ராஜராஜன் காலத்தில் வேறொரு வழியிலும் நிலம் கை மாறிற்று. 24ஆம் ஆட்சியாண்டு ஆணையொன்று, செய்யாற்றுப் பக்கத்து உக்கல் கோயில் கல்லில் இருக்கிறது. 16 முதல் 23ஆம் ஆண்டு வரையான காலத்தில் இரண்டு முழு வருஷம் இறை கட்டாதவனின் நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம். அவனுக்கு அதில் பாத்தியம் இல்லை. அங்கே உறவு பற்றிய பேச்சே இல்லை. பாக்கி யார் பெயரில் இருக்கிறதோ அவன் நிலம் போகிறது, அவ்வளவுதான். உறவை நீட்டி எழுதும் அவசியம் துரோகத்துக்குத்தான் வருகிறது.

உறவைக் குறுக்கி எழுதும் அவசியம் எப்போது வருகிறது? அதற்கு மற்ற வகையைப் பார்க்க வேண்டும்: பிள்ளையில்லாமல் செத்தவனின் சொத்து. இதில் சாஸ்திரங்கள் ஏகமனதாக இல்லை. வாரிசில்லாதவனின் பொருளை அரசன் எடுத்துக்கொள்ளலாம், பெண்களின் ஜீவனத்துக்கும் ஈமச் சடங்குக்கும் விட்டுவிட்டு, என்கிறது அர்த்தசாஸ்திரம். வேதம் ஓதுகிறவனுடையது விலக்கு. மனு, பிராமணனின் சொத்தை ராஜா ஒருநாளும் தொடலாகாது என்கிறார். குஜராத்தின் குமாரபாலன் 12ஆம் நூற்றாண்டில் இந்த வருமானமே வேண்டாம் என்று விட்டுவிட்டதாகப் புகழப்படுகிறான். இதை ஒரு புகழாகச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மற்றவர்கள் விடவில்லை என்று தெரிகிறது.

காளிதாஸன் இந்த விஷயத்தை ஒரு நாடகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்பதை நம் ரசிகர்கள் அதிகம் கவனிப்பதில்லை. சாகுந்தலத்தின் ஆறாம் அங்கம். துஷ்யந்தன் மோதிரத்தைப் பார்த்து விரகத்தில் இருக்கிறான். மந்திரியிடமிருந்து ஓலை வருகிறது: தனமித்திரன் என்ற கடல் வணிகன் கப்பல் முழுகி இறந்தான், பிள்ளையில்லை, பொருள் ராஜாவைச் சேரும். துஷ்யந்தன் கேட்கிறான், அவன் மனைவிகளில் யாராவது கர்ப்பமாக இருக்கிறாளா என்று. இருக்கிறாள். அப்படியானால் கர்ப்பத்திலிருக்கும் பிள்ளைக்குச் சொத்து என்கிறான். ராஜாவின் பெருந்தன்மை என்று இதை வகுப்புகளில் சொல்வார்கள். நான் அந்த மந்திரியின் ஓலையைப் பற்றி யோசிக்கிறேன். வணிகன் பெரும் பணக்காரன், மனைவிகள் பலர். அத்தனை பேரும் வீட்டில் உயிரோடு இருக்கும்போது ‘யாருமில்லை’ என்று எழுத மந்திரிக்கு ஒரு தயக்கமும் இல்லை. துஷ்யந்தனின் கருணையும் மனைவிக்காக வரவில்லை. அவள் வயிற்றுக்காக வந்தது. பிறப்பது பெண்ணாக இருந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. உடையார்குடி ஜாபிதாவில் நீளமாக வருகிற உறவுகளைத் திரும்பப் பாருங்கள். பெண் கொடுத்த மாமன், தாய்மாமன், சகோதரியைக் கட்டியவன், மகளைக் கட்டியவன். எல்லாம் பெண் வழியாக ஏற்படுகிற உறவு. தண்டனைக்கு அந்த வழி முழுசாகச் செல்லும். வாரிசு என்று வரும்போது அதே வழி அடைபட்டுவிடும். மனைவி, மகள், சகோதரி வீடு நிறைய இருந்தாலும் வீடு காலி. ராஜாவின் ஆள் ஒரே ஆள்தான், அவன் கையிலிருக்கும் ஓலையும் ஒன்றுதான். எடுப்பதற்குத் தோதாக ஒரு சமயம் குடும்பத்தைப் பெரிதாக வரைகிறான், ஒரு சமயம் சிறிதாக வரைகிறான். இரண்டு தடவையும் அளவுகோல் பெண்தான்.

வெள்ளைக்காரன் வந்தபோது இதை இன்னும் சுத்தமாகச் செய்தான். மசூலிப்பட்டணம் கலெக்டருக்கும் காவலி வெங்கட நாராயணப்பாவுக்கும் நடந்த வழக்கில் 1860இல் லண்டன் பிரிவி கவுன்ஸில் தீர்ப்புச் சொன்னது. பிராமண ஜமீன்தாரின் சொத்தும் வாரிசில்லாவிட்டால் ஸர்க்காருக்குத்தான், மனு என்ன சொன்னாலும். பிராமணச் சலுகை போயிற்றே என்று யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்கின் இன்னொரு பாதி உண்டு: விதவை பட்ட கடனையும் செய்த பராதீனத்தையும் ஸர்க்கார் வாரிசைப்போல நின்று கேள்வி கேட்கலாம் என்றது தீர்ப்பு. அதாவது ஸர்க்கார் அவளுடைய பங்காளியாகிவிட்டது.

தஞ்சாவூரில் நடந்தது இதைவிட வெளிப்படை. இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசில்லாமல் காலமானார். 1799 ஒப்பந்தத்திலேயே ராஜ்யம் கம்பெனிக்குப் போய்விட்டது. மிஞ்சியிருந்தது கோட்டை, அரண்மனை, பட்டம், சொந்த நிலங்கள், நகைகள், சரஸ்வதி மகால் சுவடிகள். ரெஸிடெண்டாக இருந்தவர் ஃபோர்ப்ஸ். அவர் மகளுக்குப் பட்டம் தரலாம் என்று மேலே எழுதினார். லண்டனில் கம்பெனி டைரக்டர்கள் ஹிந்து ராஜாவின் மகளுக்கு அப்படி ஒரு பாத்தியம் எந்த வழக்கத்திலும் இல்லை என்று மறுத்தார்கள். மகளுக்காக எழுதிய அதே ஃபோர்ப்ஸ் 1856 அக்டோபரில் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் போய்ப் பூட்டி முத்திரை வைத்தார். பட்டத்துக்குரியது, சொந்தமானது என்று பிரிக்கவில்லை. எல்லாவற்றையும். எனக்கு இந்த ஆள்மேல் ஒரு வினோதமான ஆர்வம் உண்டு. அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துபோகும். அப்படிச் சொல்ல முடியவில்லை. அவருடைய அபிப்பிராயம் ஒரு காகிதத்தில் இருந்தது, உத்தரவு இன்னொரு காகிதத்தில் வந்தது. உத்தியோகஸ்தன் என்பவன் இரண்டு காகிதங்களுக்கு நடுவே இருப்பவன். ஸ்ரீராஜனுக்கும் சந்திரசேகர பட்டனுக்கும் அபிப்பிராயம் இருந்திருந்தால் அது கல்லில் ஏறாது. ஃபோர்ப்ஸுடையது காகிதமாகையால் தப்பிவிட்டது.

மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் அவருக்காக ஜான் புரூஸ் நார்ட்டன் வாதாடினார். ஜயித்தார்கள். 1859இல் பிரிவி கவுன்ஸில் அதைத் தள்ளிற்று. தள்ளிய காரணம் கவனிக்கத் தக்கது: பறித்தது நியாயம் என்று அது சொல்லவில்லை. இது ராஜாங்கக் காரியம், நியாயமா அநியாயமா என்று பார்க்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை என்றது. 1862இல் ஸர்க்காரே மனமிரங்கி, சொந்த சொத்தை ராணிகளுக்குத் திருப்பித் தந்து மூத்தவர் நிர்வாகத்தில் விட்டது. கேட்டபோது உரிமையாகக் கிடைக்காதது தயவாகக் கிடைத்தது. தயவாகக் கிடைத்த சொத்துக்கு யார் வாரிசு என்று அப்புறம் பல வருஷம் அதே குடும்பத்துக்குள் வழக்கு நடந்தது தனிக் கதை.

இதெல்லாம் பழைய சமாசாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வங்கி எழுத்தன். செத்தவர்களின் கணக்கை முடிக்கிற மேஜை சில காலம் என் பொறுப்பில் இருந்தது. பத்து வருஷம் தொடப்படாத கணக்கிலிருக்கும் பணம் 2014 முதல் ரிஸர்வ் வங்கியின் தனி நிதி ஒன்றுக்குப் போகிறது. கேட்டு வந்தால் திரும்பக் கிடைக்கும். ஆக மாதாமாதம் ஒரு ஜாபிதா தயாராகும். நான் அதைச் சரிபார்ப்பேன். ஒரு அம்மாள் வந்தார், அறுபதுக்கு மேல் இருக்கும். கல்யாணமாகாத அண்ணன் இறந்துவிட்டார், கடைசி வரை சமைத்துப் போட்டது இவர். தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. ‘கோர்ட்டுக்குப் போகணும்மா’ என்றேன். ‘அவருக்கு வேற யாரும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார். அப்ப நான் யாரு?’ என்று கேட்டார். சட்டத்தில் அவர் வாரிசுதான். 1956ஆம் வருஷச் சட்டத்தின் இரண்டாம் வகுப்பில் சகோதரி இருக்கிறாள். அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, யாருமே இல்லாதபோதுதான் சொத்து ஸர்க்காருக்கு என்கிறது. மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்குச் சமமான இடமும் தந்துவிட்டது. துஷ்யந்தனைவிட நாம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம், அதை மறுப்பது அபத்தம். ஆனாலும் உயிலெழுதாமல் செத்த பெண்ணுக்குப் பிள்ளையும் புருஷனும் இல்லையென்றால், அவள் தானே சம்பாதித்தது பெற்ற தாய் தகப்பனுக்குப் போகும் முன்னால் புருஷனின் வாரிசுகளுக்குப் போகும் என்று அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. இங்கேயும் ஜாபிதா யாரோ ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எழுதியதாகத்தான் படுகிறது.

நிலத்தில் இருப்பவன் வேறு, ஜாபிதாவில் இருப்பவன் வேறு என்பதற்கு எங்கள் பக்கத்தில் யாரும் உதாரணம் தேடிப் போக வேண்டாம். 1956இல் நிலக்கரிக் கழகம் அமைந்ததிலிருந்து கம்மாபுரத்தைச் சுற்றி நிலமெடுப்பு என்பது பருவகாலம் மாதிரி. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாயை நெற்பயிருக்கு நடுவே வெட்டிக்கொண்டு போனார்கள். பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தியாகிவிட்டது என்றது நிர்வாகம். காகிதத்தில் அது உண்மை. பயிரும் உண்மை. இது இழப்பீடு கொடுத்து எடுத்த நிலம், வாரிசற்றுத் திரும்பிய நிலம் இல்லை, குழப்பிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் இரண்டிலும் ஒரே ஆள் ஒரே கேள்வியோடு வருகிறான்: இந்த வீட்டில் எத்தனை குடும்பம்? கட்டிக் கொடுத்த பெண் இதில் சேர்த்தியா? எண்ணிக்கை கூடினால் ஒருவருக்கு லாபம், குறைந்தால் இன்னொருவருக்கு. ‘குடியொடு குடிபேறும்’ என்று உடையார்குடியில் விற்றார்களே, அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்கள் யார், விற்ற பிறகு எங்கே போனார்கள் என்று கல் சொல்லவில்லை. கழஞ்சுக் கணக்கை மட்டும் சொல்கிறது.

அந்தக் கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் ரவிதாஸன் பெயரைத் தேடி எடுத்துவிட்டுத் திரும்பாமல் இன்னும் கொஞ்சம் படிக்கலாம். உறவு ஜாபிதாவில் பெண்களுக்குப் பெயர் கிடையாது. பெற்றவள், உடன்பிறந்தவள், கட்டிக்கொடுக்கப்பட்டவள் என்று உறவு மட்டும். ஆனால் விற்கப்பட்ட நிலம் யாருடையது என்று சொல்ல வரும்போது பெயர் தேவைப்பட்டிருக்கிறது. துரோகத்தில் சேர்க்கப்பட்ட மலையனூர் ரேவதாஸ கிரமவித்தன், அவன் மகன், பிறகு அவன் தாய். மகனுக்குப் பெயர் எழுதவில்லை. தாய்க்கு எழுதியிருக்கிறார்கள்: பெரிய நங்கைச் சாணி.